இரட்சிப்பு என்று கிறிஸ்தவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

'இயேசு இரட்சிக்கிறார்' என்ற வாசகத்தைச் சுவரிலோ வாகனத்தின் பின்புறத்திலோ பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. நம் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவ நிர்வாகத்தில் இயங்கும் பள்ளிகளில் படிக்கிறார்கள். ரயில் பயணத்தில் ஒருவர் கைப்பிரதி நீட்டுகிறார். மருத்துவமனையில் ஒருவர் கட்டிலருகே வந்து, உங்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்கிறார். இவற்றையெல்லாம் பார்க்கும் பிள்ளை ஒருநாள் நம்மிடம் கேட்கத்தான் செய்யும்: "வாப்பா, இரட்சிப்பு என்றால் என்ன?"

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை வரியில் பதில் கிடைக்கிறது. ஈஸா நபியை நம்பிவிட்டால் போதும், பிறகு எந்தப் பாவமும் செய்யலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதே அந்தப் பதில். இது சரியான விளக்கமல்ல. பிள்ளை நாளை தன் கிறிஸ்தவத் தோழியிடம் பேசும்போது, அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்பது தெரியவரும். அப்போது, வாப்பா சொன்ன மற்ற விஷயங்களும் இப்படித்தானோ என்ற சந்தேகம் அந்த மனதில் விழும். நஷ்டம் நமக்குத்தான்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புகூட நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் (5:8) கட்டளையிடுகிறது. வேதக்காரர்களிடம் அழகிய முறையிலேயே விவாதிக்க வேண்டும் என்று அல்அன்கபூத் அத்தியாயம் (29:46) கற்றுத் தருகிறது. ஒருவர் நம்பிக்கையை அவரே ஒப்புக்கொள்ளும் விதத்தில் எடுத்துச் சொல்வதுதான் அந்த நீதியின் முதல் படி. எனவே கிறிஸ்தவர்கள் இரட்சிப்பை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், அது ஒருவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்கிறார்கள், நாம் எந்த இடத்தில் வேறுபடுகிறோம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சொல்லும் பொருளும்

தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் 'இரட்சிப்பு' என்பதைக் கத்தோலிக்கர்கள் 'மீட்பு' என்கிறார்கள். முன்னவர்கள் 'கிருபை' என்பதைப் பின்னவர்கள் 'அருள்' என்கிறார்கள். 'ஞானஸ்நானம்' என்பதும் 'திருமுழுக்கு' என்பதும் ஒன்றே. சொற்கள் மாறினாலும் அடிப்படைக் கருத்து ஒன்றுதான். ஆபத்தில் சிக்கிய ஒருவரை வெளியிலிருந்து ஒருவர் வந்து காப்பாற்றுவதே இரட்சிப்பு.

எதிலிருந்து காப்பாற்றப்படுகிறார்? நரகத்திலிருந்து என்று மட்டும் நாம் நினைத்துக்கொள்கிறோம். கிறிஸ்தவ போதனையில் அது ஒரு பகுதிதான். பாவத்தின் குற்றத்திலிருந்தும், பாவம் மனிதன் மீது செலுத்தும் ஆதிக்கத்திலிருந்தும், மரணத்திலிருந்தும், இறைவனை விட்டுப் பிரிந்த நிலையிலிருந்தும் விடுதலை என்று அவர்கள் சொல்கிறார்கள். அது மறுமையில் மட்டும் நடப்பதல்ல, இவ்வுலகிலேயே தொடங்கிவிடுகிறது என்பதும் அவர்களின் நம்பிக்கை.

மனிதனின் பிரச்சினை என்ன?

மருந்தைப் புரிந்துகொள்ள முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆதம் (அலை) அவர்கள் தவறிழைத்தார்கள், பாவமன்னிப்புக் கோரினார்கள், அல்லாஹ் மன்னித்தான். அந்த விஷயம் அத்துடன் முடிந்தது (2:37). ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் (6:164). பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான தூய நிலையில், அதாவது ஃபித்ராவில், பிறக்கிறது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நம்மைப் பொறுத்தவரை மனிதன் பலவீனமானவன், மறதியாளன். அவனுக்கு நேர்வழியும் நினைவூட்டலும் தவ்பாவும் தேவை.

கிறிஸ்தவம் இந்த இடத்திலேயே வேறு திசையில் செல்கிறது. ஆதமின் வீழ்ச்சியால் மனித இயல்பே காயப்பட்டுவிட்டது என்று அது சொல்கிறது. இதற்கு ஜென்மப் பாவம் என்று பெயர். இக்கருத்துக்கு விரிவான வடிவம் கொடுத்தவர் இன்றைய அல்ஜீரியப் பகுதியில் பிறந்த அகஸ்டின் (354-430). மனிதன் தன் சொந்த முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்று போதித்த பெலாஜியஸ் என்பவரை எதிர்த்து அவர் நீண்ட காலம் வாதிட்டார். பெலாஜியஸின் கருத்தை 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் கண்டித்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆதம் செய்த குற்றத்துக்காகப் பச்சைக் குழந்தையைக் குற்றவாளி ஆக்குகிறார்கள் என்று நாம் சொல்வதுண்டு. எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படிச் சொல்வதில்லை. ஜென்மப் பாவம் என்பது குழந்தை செய்த செயல் அல்ல, அது பிறந்து வந்த நிலை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் விளக்குகிறது. மரணத்தையும் பலவீனத்தையும்தான் ஆதமிடமிருந்து பெற்றோம், குற்றத்தை அல்ல என்பது கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் நிலை. குற்றமும் சேர்ந்தே வருகிறது என்று சொல்லும் புராட்டஸ்டண்டுப் பிரிவுகளும் உண்டு. பொதுவாகச் சொன்னால், அவர்கள் பார்வையில் மனிதன் வழி தவறிய பயணி மட்டுமல்லன், எழுந்து நடக்கவே முடியாத நோயாளி. அதனால்தான் வழிகாட்டி மட்டும் போதாது, மீட்பர் வேண்டும் என்கிறார்கள்.

சிலுவையால் என்ன நடந்தது?

ஈஸா (அலை) அவர்களைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்று குர்ஆன் (4:157) அறிவிக்கிறது. இது நமக்குத் தெளிவான விஷயம். கிறிஸ்தவர்களுக்கோ அந்த மரணமும் உயிர்த்தெழுதலும்தான் மீட்பின் மையம்.

ஆனால் அந்த மரணம் எவ்விதத்தில் மனிதனை மீட்கிறது என்பதற்கு அவர்களிடம் ஒரே விளக்கம் இல்லை. ஆரம்ப நூற்றாண்டுகளின் அறிஞர்கள் அதை மரணத்தின் மீதும் ஷைத்தான் மீதும் பெற்ற வெற்றியாகப் பார்த்தார்கள். அடிமையை விடுவிக்கக் கொடுத்த மீட்புப் பணம் என்ற உவமையும் இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் கேண்டர்பரியில் பேராயராக இருந்த அன்செல்ம் வேறொரு விளக்கம் தந்தார். பாவம் இறைவனுக்குரிய மகிமையைப் பறிக்கிறது, அதை ஈடுசெய்யும் கடமை மனிதனுடையது, ஆனால் அதற்கான சக்தி இறைவனுக்கு மட்டுமே உண்டு, எனவே இறைவனும் மனிதனுமான ஒருவர் தேவைப்பட்டார் என்பது அவர் வாதம். அடுத்த நூற்றாண்டில் பிரான்ஸைச் சேர்ந்த அபெலார்ட், சிலுவை மனிதனின் உள்ளத்தை மாற்றும் அன்பின் அடையாளம் என்பதற்கு அழுத்தம் கொடுத்தார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள், மனிதனுக்குரிய தண்டனையை இயேசு ஏற்றுக்கொண்டார் என்றார்கள். இன்று கைப்பிரதிகளில் நாம் அதிகம் காண்பது இந்தக் கடைசி விளக்கத்தைத்தான்.

ஒருவர் குற்றத்துக்கு நிரபராதி ஒருவரைத் தண்டிப்பது நீதியா என்று நாம் கேட்கிறோம். நியாயமான கேள்வி. கிறிஸ்தவர் தரும் பதிலையும் தெரிந்துகொள்ள வேண்டும். இறைவன் மூன்றாம் நபர் ஒருவரைப் பிடித்துத் தண்டிக்கவில்லை, தானே மனிதனாக வந்து அந்த இழப்பைச் சுமந்தான் என்பது அவர்கள் பதில். ஆக, இரட்சிப்பைப் பற்றிய விவாதம் தனியாக நிற்பதில்லை. ஈஸா (அலை) யார் என்ற கேள்வியின் மீதே அது நிற்கிறது. அவர்கள் அல்லாஹ்வின் அடியாரும் தூதரும் ஆவார்கள் என்று ஈமான் கொண்ட நமக்கு அந்தப் பதில் பொருந்தாது. நமக்கும் அவர்களுக்கும் இடையிலான வேறுபாடு, சுற்றி வளைத்து, தவ்ஹீதில்தான் வந்து நிற்கிறது.

அதை எப்படிப் பெறுவது?

இரட்சிப்பு கிடைப்பது இறைவனின் அருளால் என்பதில் கிறிஸ்தவப் பிரிவுகள் ஒன்றுபடுகின்றன. அது ஒரு தனி மனிதனை எப்படி வந்தடைகிறது என்பதில் வேறுபடுகின்றன.

கத்தோலிக்கரிடம் அது திருமுழுக்கில் தொடங்குகிறது. பச்சைக் குழந்தைக்கும் திருமுழுக்குக் கொடுப்பது அதனால்தான். பிறகு அது வாழ்நாள் முழுவதும் வளர வேண்டும். அதற்குத் துணையாக ஏழு அருட்சாதனங்கள் இருக்கின்றன. பெரும் பாவம் செய்தால் அந்த அருள் நிலையை இழக்க நேரிடும். மனம் வருந்தி, குருவிடம் பாவ அறிக்கை செய்து, மன்னிப்புப் பெற்று மீண்டும் அந்த நிலையை அடையலாம். முழுமையாகத் தூய்மை அடையாமல் அருள் நிலையில் இறப்பவர்கள் மரணத்துக்குப் பின் தூய்மைப்படுத்தப்படுவார்கள் என்றும் நம்புகிறார்கள்.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இரட்சிப்பு என்பது நீதிமன்றத் தீர்ப்பைவிட மருத்துவமனைச் சிகிச்சைக்கு நெருக்கமானது. ஜெபம், நோன்பு, நற்கருணை வழியாக மனிதன் படிப்படியாகக் குணமாகி இறைவனின் வாழ்வில் பங்குபெறுகிறான் என்பது அவர்கள் பேச்சு.

லூத்தரன் சபையினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாலும், விசுவாசம் ஒன்றினால் மட்டுமே மனிதன் நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்பதை மையமாக வைக்கிறார்கள். விவரம் தெரிந்தபின் தானே மனந்திரும்பி, விசுவாச அறிக்கை செய்து, தண்ணீரில் முழுவதும் மூழ்கி ஞானஸ்நானம் பெற வேண்டும் என்பது பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளின் நிலை. ஒருமுறை உண்மையாகக் கிடைத்த இரட்சிப்பை இழக்கவே முடியாது என்று கால்வின் வழிவந்தவர்கள் சொல்ல, அலட்சியத்தால் இழக்க நேரிடும் என்று மெதடிஸ்டுகள் எச்சரிக்கிறார்கள்.

இந்தப் பிரிவுகள் பலவும் நம் ஊர்களில் இருக்கின்றன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்த சீகன்பால்க் லூத்தரன் மரபைச் சேர்ந்தவர். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட பல மரபுகள் இணைந்தது. எனவே, கிறிஸ்தவர்கள் இப்படித்தான் நம்புகிறார்கள் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதற்கு முன், எந்தச் சபை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1517 முதல் 1999 வரை

விசுவாசமா, நற்செயலா என்ற கேள்வி ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்தது. பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் என்று சொல்லித் திருச்சபையின் பெயரால் வழங்கப்பட்ட சீட்டுகள் ஜெர்மனியில் பணத்துக்கு விற்கப்பட்டன. ரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்கு நிதி திரட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. துறவியும் பேராசிரியருமான மார்ட்டின் லூதர் இதை எதிர்த்து 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துகளை முன்வைத்தார்.

லூதரின் மனதில் இருந்த நெருக்கடி பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. எவ்வளவு நோன்பு நோற்றாலும், எத்தனை முறை பாவ அறிக்கை செய்தாலும், இறைவன் தன்னை ஏற்றுக்கொண்டானா என்ற அச்சம் அவரை விடவில்லை. பவுலின் ரோமர் நிருபத்தைப் படித்தபோது, ஏற்றுக்கொள்ளப்படுவது சம்பாதிக்கும் கூலி அல்ல, விசுவாசத்தால் பெறும் கொடை என்ற முடிவுக்கு வந்தார். கத்தோலிக்கத் தரப்பு டிரெண்ட் சங்கத்தில் 1547இல் இதற்குப் பதில் அளித்தது. அருளே முதலில் வருகிறது என்பதை அது ஏற்றது. ஆனால் மனிதன் அந்த அருளுடன் ஒத்துழைக்க வேண்டும், அன்பும் நற்செயலும் இல்லாத வெறும் விசுவாசம் போதாது என்றது. இரு தரப்பும் ஒன்றையொன்று கண்டித்தன.

நான்கரை நூற்றாண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மனிதன் தன் தகுதியால் அல்லாமல் அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் இறைவனால் ஏற்கப்படுகிறான் என்பதும், அந்த அருளே அவனை நற்செயலுக்குத் தயார்படுத்துகிறது என்பதும் அதன் சாரம். மெதடிஸ்ட் உலகப் பேரவை 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடுகளும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று அவர்களே அறிவித்துக்கொண்டார்கள்.

அப்படியானால் பாவம் செய்யலாமா?

இந்தக் கேள்வியைப் பவுலே ரோமர் நிருபத்தின் 6ஆம் அத்தியாயத்தில் எழுப்பி, கூடவே கூடாது என்று மறுக்கிறார். யாக்கோபின் நிருபம் நற்செயல் இல்லாத விசுவாசத்தை உயிரில்லாத உடலுக்கு ஒப்பிடுகிறது. லூக்காவின் சுவிசேஷத்தில் சகேயு என்ற வரி வசூலிப்பவர் மனந்திரும்பியதும், தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் கொடுப்பதாகச் சொல்கிறார். மரம் நல்லதாக இருந்தால்தான் கனி நல்லதாக வரும், கனியே வரவில்லை என்றால் அந்த மரத்தையே சந்தேகிக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்காலத்தில் பல சபைகள் வாய் மூடிக் கிடந்தன. அப்போது டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற லூத்தரன் போதகர் 1937இல் வெளியிட்ட நூலில், மனமாற்றமோ தியாகமோ இல்லாமல் மன்னிப்பை மட்டும் எதிர்பார்ப்பதை 'மலிவான கிருபை' என்று கடுமையாகச் சாடினார். 1945இல் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். இரட்சிப்பைப் பாவத்துக்கான அனுமதிச் சீட்டாகக் கருதுவதைக் கிறிஸ்தவ அறிஞர்களே கண்டித்திருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று. அப்படிக் கருதி வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், அல்லாஹ் மன்னிப்பாளன்தானே என்று சொல்லிக்கொண்டு தொழுகையைத் தள்ளிப்போடுபவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஒரு மார்க்கத்தின் போதனையை அதை அலட்சியம் செய்பவரை வைத்து அளக்கக் கூடாது.

நாம் வேறுபடும் இடம்

இங்கே இன்னொரு தவறான புரிதலையும் சரிசெய்ய வேண்டும். அவர்களுக்கு அருள், நமக்கு அமல் என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எவரையும் அவரது அமல் மட்டும் சொர்க்கத்தில் நுழைவிக்காது, அல்லாஹ்வின் ரஹ்மத் தம்மைச் சூழ்ந்துகொண்டால் தவிர தமக்கும்கூட அப்படித்தான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அளவிலா அருளாளனின் பெயரால் எந்தச் செயலையும் தொடங்கும் சமுதாயம் நாம். இறையருள் இல்லாமல் ஈடேற்றம் இல்லை என்பதில் நமக்கும் அவர்களுக்கும் தகராறு இல்லை.

அந்த அருள் எந்த வழியாக அடியானிடம் வருகிறது என்பதில்தான் வேறுபாடு. அது சிலுவையின் வழியாக வருகிறது என்கிறார்கள் அவர்கள். இடையில் பலியோ பரிகாரமோ இல்லாமல், அடியான் திரும்பியதும் அல்லாஹ் நேரடியாக மன்னிக்கிறான் என்கிறோம் நாம். பாலைவனத்தில் தொலைந்த ஒட்டகம் திரும்பக் கிடைத்தவர் அடையும் மகிழ்ச்சியைவிட, அடியானின் தவ்பாவால் அல்லாஹ் அதிகம் மகிழ்கிறான் என்ற நபிமொழியை நாம் அறிவோம்.

இதனுடன் நெருங்கி வரும் ஒரு உவமை லூக்காவின் 15ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டுத் திரும்பும் மகனைத் தந்தை ஓடிவந்து கட்டியணைக்கிறார். இந்தக் கதையில் தந்தை எந்தப் பலியும் கேட்கவில்லையே, மன்னிப்புக்கு மனந்திரும்புதலே போதும் என்றுதானே இது காட்டுகிறது என்று நாம் அவர்களிடம் கேட்கலாம். அந்த மகனுக்காகத் தந்தை ஊரார் முன் அவமானத்தைத் தம்மீது ஏற்றுக்கொண்டார், மன்னிப்பவர் எப்போதும் ஒரு விலை கொடுக்கிறார், அந்த விலைதான் சிலுவை என்பது கிறிஸ்தவர்கள் தரும் பதில்களில் ஒன்று. அந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. மன்னிப்பதால் அல்லாஹ்வுக்கு எதுவும் குறைந்துவிடுவதில்லை, அவன் தேவையற்றவன் என்பது நம் நம்பிக்கை. ஆனால் கேள்வி கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டு, பிறகு மறுப்பதில் ஒரு கண்ணியம் இருக்கிறது.

மற்றவர்களின் நிலை என்ன?

முஸ்லிம்களாகிய நமக்கு இரட்சிப்பு உண்டா என்ற கேள்விக்கும் அவர்களிடம் ஒரே பதில் இல்லை. இயேசுவை வெளிப்படையாக ஏற்காமல் யாருக்கும் மீட்பு இல்லை என்று சுவிசேஷ சபைகள் பலவும் நம்புகின்றன. கைப்பிரதி நீட்டுபவர் நம்மை இழிவுபடுத்துவதாக நினைத்து நீட்டுவதில்லை. ஆபத்தில் இருப்பவரை எச்சரிப்பதாகவே நினைக்கிறார். தஃவா செய்யும் நமக்கு அந்த மனநிலை புரியாதது அல்ல.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட ஆவணம், மீட்பு கிறிஸ்து வழியாகவே என்பதை வலியுறுத்திக்கொண்டே, தம் தவறின்றி நற்செய்தியை அறியாமல் இருந்து, நேர்மையான மனதோடு இறைவனைத் தேடுவோரும் மீட்படைய முடியும் என்றது. படைத்தவனை ஏற்று வணங்கும் முஸ்லிம்களும் இறைவனின் மீட்புத் திட்டத்தில் உள்ளவர்களே என்று அதே ஆவணம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

பிள்ளைகளிடம் என்ன சொல்வோம்?

முதலில் பிள்ளையின் கேள்வியை அடக்காமல், உள்ளபடி சொல்வோம். மனிதனால் தன் பாவத்திலிருந்து தானே மீள முடியாது, இயேசுவின் மரணத்தின் வழியாக இறைவன் மீட்கிறான், அதை விசுவாசத்தால் பெற்று நல்வாழ்வு வாழ வேண்டும் என்று அவர்கள் நம்புகிறார்கள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிய வைக்கலாம்.

அடுத்து நம் நம்பிக்கையைச் சொல்வோம். மர்யம் (அலை) அவர்களின் மகனாகத் தந்தையின்றிப் பிறந்த ஈஸா (அலை) அவர்களை நாமும் மஸீஹ் என்று ஏற்று நேசிக்கிறோம், ஆனால் வணங்குவதில்லை என்று சொல்வோம். பாவம் செய்துவிட்டால் எந்த மனிதரையும் தேடிப் போக வேண்டியதில்லை, இருக்கும் இடத்திலேயே கையேந்தினால் அல்லாஹ் கேட்கிறான் என்று சொல்வோம். அடுத்தவர் உரிமையைப் பறித்திருந்தால் மட்டும் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

மூன்றாவதாக, தோழியின் சிலுவையையும் ஜெபத்தையும் கேலி செய்யக் கூடாது என்று கற்பிப்போம். பிறர் அழைத்துப் பிரார்த்திப்பவற்றைத் திட்டாதீர்கள் என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் (6:108) கட்டளை. தன் மார்க்கத்தை அறிந்த பிள்ளைக்கு அடுத்தவர் மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அச்சம் இருக்காது. அந்த அறிவை வீட்டிலேயே கொடுப்பது பெற்றோராகிய நம் கடமை.

அல்லாஹ் நன்கறிந்தவன்.